ஏட்டுச் சுரைக்காயும் எதிர் நாற்காலியும்

நியூயார்க்கில் உளச்சிகிச்சை படிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளலாம். காலையில் வகுப்பு. சிகிச்சை அறையில் நடப்பதெல்லாம் இரண்டு பேருக்கு இடையில் நடப்பது, அதில் சிகிச்சையாளரின் மனதுக்கும் பங்கு உண்டு என்று பாடம் நடக்கிறது. அவளும் நன்றாகக் குறிப்பெடுக்கிறாள். நாளைக்கே தேர்வு வைத்தாலும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவாள்.

மதியம், பயிற்சி கிளினிக். குறைந்த கட்டணத்துக்கு வரும் ஒருவர் எதிரே உட்கார்ந்து, "நீங்க இன்னும் படிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க? உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிடுகிறார். மாணவிக்குச் சுருக்கென்கிறது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல், "இந்தக் கேள்வி உங்களுக்கு ஏன் வந்தது என்று பேசலாமா?" என்கிறாள். புத்தகப்படி இந்தப் பதிலில் குற்றம் சொல்ல முடியாது. கேட்டவருக்கோ கதவை முகத்தில் சாத்தியது போல இருக்கிறது. அடுத்த வாரம் அவர் வரவில்லை.

காலையில் படித்தது மதியம் எங்கே போனது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இங்கே சுரைக்காயில் குறை இல்லை. அதை ஏட்டிலேயே வைத்துக் கற்றுக்கொடுக்கும் முறையில்தான் குறை. உளச்சிகிச்சைப் பயிற்சியில் 'உறவுசார் கோட்பாடு' எனப்படும் ரிலேஷனல் தியரியை நடைமுறையோடு இணைப்பது பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கோட்பாடு என்ன சொல்கிறது?

ஃப்ராய்டு 1912-ல் இளம் மருத்துவர்களுக்குச் சில அறிவுரைகள் எழுதினார். அறுவை சிகிச்சை செய்பவர் தன் சொந்த உணர்ச்சிகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கத்தியைப் பிடிப்பது போல உளப்பகுப்பாய்வாளரும் இருக்க வேண்டும். கண்ணாடி போல, வருபவர் காட்டுவதை மட்டுமே திருப்பிக் காட்ட வேண்டும் என்பது அவற்றின் சாரம். வருபவர் தன் அப்பா அம்மா மேல் இருந்த கோபத்தையும் ஆசையையும் சிகிச்சையாளர் மேல் ஏற்றிப் பார்ப்பதற்கு 'டிரான்ஸ்ஃபரன்ஸ்' என்று பெயர். பதிலுக்குச் சிகிச்சையாளர் மனதில் எழும் உணர்ச்சிகளுக்கு 'கவுண்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ்' என்று பெயர். இந்த இரண்டாவதை அடக்கி வெல்ல வேண்டிய தடையாகவே அவர் பார்த்தார்.

இந்தக் கண்ணாடியில் சீக்கிரமே கீறல் விழுந்தது. புடாபெஸ்டைச் சேர்ந்த சாண்டோர் ஃபெரென்சி, சிகிச்சையாளரின் போலித்தனத்தை வருபவர்கள் கண்டுபிடித்து விடுகிறார்கள் என்று 1932-ல் பேசி, ஃப்ராய்டின் வருத்தத்தைச் சம்பாதித்துக்கொண்டார். அமெரிக்காவில் ஹாரி ஸ்டாக் சல்லிவன், சிகிச்சையாளர் ஒதுங்கி நின்று பார்ப்பவர் இல்லை, தானும் பங்கெடுத்துக்கொண்டே பார்ப்பவர் என்றார். லண்டனில் பவுலா ஹைமன் 1950-ல் எழுதிய கட்டுரை இன்னொரு திருப்பம். சிகிச்சையாளர் மனதில் எழும் உணர்ச்சி வெறும் தடை இல்லை. வருபவரைப் புரிந்துகொள்ள அதுவும் ஒரு கருவி என்றது அது.

இந்த இழைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஸ்டீஃபன் மிட்செல். அவரும் ஜே கிரீன்பெர்க்கும் சேர்ந்து 1983-ல் வெளியிட்ட புத்தகத்தில் 'ரிலேஷனல்' என்ற சொல் ஒரு தனிப் பார்வையின் பெயராக நிலைபெற்றது. 1988-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பயிற்சித் திட்டத்தில் இதற்கென்று தனிப் பிரிவே தொடங்கப்பட்டது. மிட்செல், ஃபிலிப் புரோம்பெர்க், இமானுவேல் கென்ட் போன்றவர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். 1991-ல் தனி ஆய்விதழும் வந்தது. மிட்செல் 2000-ல், 54 வயதில் இறந்துபோனார். அதற்குள் அவர் தொடங்கி வைத்தது ஒரு பெரிய இயக்கமாகிவிட்டிருந்தது.

ஒரே வரியில் சொன்னால், அறையில் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். வருபவர் மட்டும் நோயாளி, மற்றவர் வெறும் நிபுணர் என்ற கணக்கு சரிப்படாது. மாணவியின் 'சுருக்'கும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

பயிற்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

இன்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் உளப்பகுப்பாய்வுப் பயிற்சியின் அச்சு வார்க்கப்பட்ட இடம் பெர்லின். 1920-ல் அங்கே ஒரு பாலிகிளினிக் திறக்கப்பட்டது. வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாகவோ, அவர்களால் முடிந்த கட்டணத்துக்கோ சிகிச்சை. மாக்ஸ் ஐட்டிங்கன் தன் குடும்பப் பணத்தைப் போட்டு அதை நடத்தினார். அங்கேதான் பயிற்சிக்கு மூன்று கால்கள் வைக்கப்பட்டன. மாணவர் தானே ஒருவரிடம் உளப்பகுப்பாய்வு செய்துகொள்ள வேண்டும். கோட்பாட்டு வகுப்புகளுக்குப் போக வேண்டும். மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நிஜ மனிதர்களுக்குச் சிகிச்சை தர வேண்டும்.

நல்ல ஏற்பாடு. நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது என்றால் சும்மா இல்லை. ஆனால் மூன்று கால்களும் மூன்று அறைகளில் இருக்கின்றன. வகுப்பு எடுப்பவர் ஒருவர். மேற்பார்வை செய்பவர் இன்னொருவர். மாணவரின் சொந்த மனதைக் கேட்பவர் மூன்றாமவர். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் வேலையை யார் செய்வது? தனியாக உட்கார்ந்து மாணவரே செய்துகொள்ள வேண்டும். அந்த வேலைக்குத்தான் அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பயிற்சியும் ஏழைகளுக்கான சிகிச்சையும் பெர்லினிலேயே ஒன்றாகப் பிறந்துவிட்டன. இன்றும் அப்படித்தான். மாணவரிடம் சிகிச்சைக்குப் போவது பெரும்பாலும் முழுக் கட்டணம் கொடுக்க முடியாதவர்கள். மாணவர் தடுமாறினால் அதன் விலையைக் கொடுப்பது அவர்கள்தான்.

நாஷ்வில்லில் நடந்தது

'இதெல்லாம் அனுபவத்தில் தானாக வந்துவிடும்' என்று சொல்பவர்கள் வாண்டர்பில்ட் ஆய்வைக் கட்டாயம் படிக்க வேண்டும். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்ட்ரப்பும் ஜெஃப்ரி பைண்டரும் சேர்ந்து குறுகிய கால சிகிச்சை முறை ஒன்றை உருவாக்கினார்கள். 1984-ல் அது புத்தகமாகவும் வந்தது. வருபவர் வெளியில் மற்றவர்களோடு படும் சிக்கல் சிகிச்சையாளரோடும் திரும்ப நடக்கும், அதைக் கவனித்துப் பேச வேண்டும் என்பதே அந்த முறையின் அடிப்படை. அதாவது பாடப் பொருளே உறவுதான்.

பிறகு 16 சிகிச்சையாளர்களுக்கு, 8 மனநல மருத்துவர்கள், 8 உளவியலாளர்கள், ஒரு வருஷம் இந்த முறையில் பயிற்சி தந்தார்கள். அவர்கள் புதியவர்கள் இல்லை, ஏற்கனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்கள் சிகிச்சை தரும் விதம் அளந்து பார்க்கப்பட்டது. முடிவுகள் 1993-ல் வெளியாயின.

முதல் முடிவு மகிழ்ச்சியானது. கையேட்டில் சொன்ன நுட்பங்களை அவர்கள் உண்மையிலேயே கற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது முடிவை யாரும் எதிர்பார்க்கவில்லை. வருபவரோடு அவர்கள் பழகும் விதம் சில வகைகளில் முன்பை விட மோசமாகியிருந்தது. கனிவு குறைந்து, வெடுக்கென்ற பேச்சு கூடியிருந்தது. உறவைப் பற்றிய பாடத்தைப் படித்தார்கள்; உறவு கெட்டது!

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தன்னைத் தானே கடுமையாக நடத்திக்கொள்ளும், கட்டுப்படுத்திக்கொள்ளும் இயல்புள்ள சிகிச்சையாளர்கள்தான் கையேட்டை அதிகமாகக் கடைப்பிடித்தார்கள். யோசித்தால் ஆச்சரியம் இல்லை. 'சரியாகச் செய்கிறேனா' என்று தன்னையே அதட்டிக்கொண்டிருப்பவர் எதிரில் இருப்பவரிடம் எப்படித் தளர்வாக இருக்க முடியும்? நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர் என்று ஒரு பயிற்சி நிறுவனம் யாரைக் கொண்டாடுகிறதோ, அவரே கூடுதல் கவனம் தேவைப்படுகிறவராக இருக்கலாம்.

டேலி ஆகாத கணக்கு

ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் பையன்களைப் பாருங்கள். அவர்களும் படிப்பையும் வேலையையும் ஒன்றாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் மட்டும் எண்ட்ரி போட்டுவிட்டால் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாது. வவுச்சர் காணாமல் போனால் சீனியர் கண்டுபிடித்துவிடுவார். எல்லாத் தப்பும் இப்படி அகப்படுவதில்லைதான். ஆனாலும் நிறைய தப்புகள் தாங்களாகவே வெளியே வந்து நிற்கும்.

சிகிச்சை அறையில் டிரையல் பேலன்ஸ் கிடையாது. வந்தவர் மனம் வெறுத்துப் போனால் புகார் கூட எழுதுவதில்லை; அடுத்த வாரம் வராமல் இருந்துவிடுகிறார். மாணவி தன் ஏட்டில் 'சிகிச்சையை இடையில் நிறுத்திக்கொண்டார்' என்று எழுதி மூடிவிடலாம். கணக்கு சரி.

அப்படியானால் தப்பு வெளியே வர ஒரே வழி, மாணவி தானே வாய் திறந்து சொல்வது. 'அவர் அப்படிக் கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்தது, பதிலைப் பாடம் போல ஒப்பித்துவிட்டேன்' என்று மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். சொல்வாளா? அந்த மேற்பார்வையாளர்தான் வருஷக் கடைசியில் அவளைப் பற்றி மதிப்பீடு எழுதப் போகிறவர். அவர் ஒரு கையெழுத்துப் போடாவிட்டால் இத்தனை வருஷப் படிப்பும் செலவும் வீண். எனவே அவள் அழகாகத் தொகுத்த ஒரு கதையைச் சொல்கிறாள். மேற்பார்வையாளரும் தலையாட்டுகிறார்.

இங்கேதான் இந்தத் துறையின் முரண்பாடு இருக்கிறது. திறந்த மனதைக் கேட்கும் ஒரு கோட்பாட்டை, திறந்தால் ஆபத்து என்ற ஏற்பாட்டுக்குள் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பழைய நாட்களில் நிலைமை இன்னும் மோசம். மாணவருக்கு உளப்பகுப்பாய்வு செய்பவரே அவருடைய முன்னேற்றம் பற்றி நிறுவனத்துக்கு அறிக்கை தரும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. உள்ளத்தைத் திறந்து காட்டுகிற இடத்திலேயே ஒற்றர் உட்கார்ந்திருப்பது போல! பல நிறுவனங்கள் பிறகு அதைக் கைவிட்டன. ஆனாலும் பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது. மாணவர்களின் படைப்பூக்கத்தை அழிக்க 30 வழிகள் என்று ஓட்டோ கெர்ன்பெர்க் 1996-ல் ஒரு கிண்டல் கட்டுரையே எழுதினார். அவர் வெளியாள் இல்லை, அந்தத் துறையின் மூத்த தலைவர்களில் ஒருவர். அதனால்தான் அந்தக் கிண்டல் சுட்டது.

ஹெரால்ட் சேர்ல்ஸ் 1955-லேயே இன்னொரு நுட்பமான விஷயத்தைக் கவனித்து எழுதியிருந்தார். சிகிச்சை அறையில் நடப்பது மேற்பார்வை அறையிலும் நிழலாடும். வருபவர் மாணவரைக் குழப்பினால், மாணவர் தன்னை அறியாமல் அதே குழப்பத்தை மேற்பார்வையாளரிடம் உண்டாக்குவார். இது உண்மை என்றால் எதிர்த் திசையிலும் நடக்கலாம் அல்லவா? மேற்பார்வையாளர் விறைப்பாக இருந்தால் மாணவர் அந்த விறைப்பை அப்படியே எடுத்துக்கொண்டுபோய், குறைந்த கட்டணத்துக்கு வரும் மனிதரிடம் காட்டுவார். வகுப்பில் சொன்ன பாடம் மறந்துபோகும். தான் நடத்தப்பட்ட விதம் மறக்காது.

என்ன செய்யலாம்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவ மையத்தில் ஜெரமி சஃப்ரானும் கிறிஸ்டோபர் முரனும் வருஷக்கணக்காகச் செய்து காட்டிய பயிற்சி ஒரு நல்ல முன்மாதிரி. அவர்கள் கோட்பாட்டிலிருந்து தொடங்காமல் விரிசலிலிருந்து தொடங்கினார்கள். சிகிச்சையாளருக்கும் வருபவருக்கும் இடையில் வரும் விரிசல் இரண்டு வகை என்றார்கள். ஒன்று, வருபவர் மௌனமாக விலகிப் போவது. இன்னொன்று, நேருக்கு நேர் மோதுவது. அந்த இடத்தை ஒளிக்காமல் எடுத்துப் பேசுவதே சிகிச்சை என்பது அவர்கள் கட்சி. சஃப்ரானும் முரனும் 2000-ல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார்கள்.

பயிற்சி வகுப்பில் வீடியோ ஓடும். மாணவர் திணறிய இடத்தில் நிறுத்துவார்கள். 'இங்கே நீங்கள் என்ன சொல்லியிருக்க வேண்டும்' என்று உடனே கேட்பதில்லை. 'இந்த நிமிஷம் உங்களுக்குள் என்ன நடந்தது' என்று கேட்பார்கள். பிறகு மாணவரே வருபவராகவும் சிகிச்சையாளராகவும் மாறி மாறி நடித்துப் பார்ப்பார். கோட்பாடு அப்போது தானாக உள்ளே வருகிறது, பெயர் சொல்லாமலே. உளப்பகுப்பாய்வைப் பின்பற்றாத, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை செய்பவர்களுக்கும் இதே பயிற்சியைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆக, இது ஒரு பள்ளியின் சொந்தச் சொத்தாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஒலிப்பதிவு ஒன்றும் புதிது இல்லை. கார்ல் ரோஜர்ஸ் 1942-லேயே ஒரு சிகிச்சையின் எட்டு சந்திப்புகளையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டுத் தன் புத்தகத்தில் சேர்த்தார். மூத்தவர் ஒருவர் தன் வேலையை இப்படி வெளிச்சத்தில் வைக்க முடியும் என்றால் மற்றவர்களும் வைக்கலாம். ஒவ்வொரு மேற்பார்வையாளரும் தான் சொதப்பிய ஒரு சந்திப்பின் பதிவை, சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு, முதல் வகுப்பில் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டட்டும். மாணவர் வாய் திறக்க அதைவிட நல்ல அழைப்பு வேறு இல்லை.

அடுத்தது, மதிப்பீடு. மாணவர் மனம் விட்டுப் பேச ஒருவரும், தேர்ச்சியை முடிவு செய்ய வேறொருவரும் இருப்பது அவசியம். மதிப்பீடே வேண்டாம் என்று சொல்ல முடியாது. தகுதி இல்லாதவர் கையில் மனிதர்களை ஒப்படைக்கக் கூடாது. ஆனால் ஒப்புக்கொண்ட தப்புக்கும் ஒளித்து வைத்த தப்புக்கும் ஒரே தண்டனை கூடாது. முடிந்தால், தப்பைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் திறமைக்கு மதிப்பெண் வைக்கலாம்.

கடைசியாக, கோட்பாட்டு வகுப்பும் கேஸ் பற்றிய பேச்சும் ஒரே மேஜையில் நடக்க வேண்டும். ஹைமனின் கட்டுரையை திங்கட்கிழமை படித்துவிட்டு, எரிச்சலைப் பற்றி வியாழக்கிழமை வேறொருவரிடம் பேசினால் இரண்டும் ஒட்டாது. எரிச்சல் வந்த வாரத்திலேயே அந்தக் கட்டுரையைக் கையில் கொடுத்தால், அது வாழ்க்கை முழுக்க மறக்காது.

மறுப்பவர்கள் சொல்வதும் நியாயம்தான்

'ஆரம்பத்தில் விதிமுறைகள்தான் வேண்டும். உறவு, உணர்ச்சி என்று பேசினால் இருபத்தைந்து வயது மாணவர் தன் சொந்தக் கதையை வருபவரிடம் கொட்டத் தொடங்கிவிடுவார்' என்று சொல்பவர்கள் உண்டு. இதைத் தள்ளிவிட முடியாது. ஃபெரென்சியே இதற்கு சாட்சி. எலிசபெத் செவர்ன் என்ற அமெரிக்கப் பெண்மணிக்குச் சிகிச்சை தந்தபோது, அவர் கேட்டுக்கொண்டதால் இருவரும் முறை வைத்து ஒருவரை ஒருவர் ஆராயும் ஒரு பரிசோதனையில் இறங்கினார். 1932-ல் அவர் எழுதிய நாட்குறிப்பில் அதன் சிக்கல்களையும் அவரே பதிவு செய்திருக்கிறார். அடுத்த வருஷமே இறந்துவிட்டார். நல்லெண்ணம் இருந்தாலும் எல்லை கலைந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கங்கள் காட்டுகின்றன.

ஆனால் தன் எரிச்சலை அறிவது வேறு, அதைக் கொட்டுவது வேறு. எரிச்சல் இருப்பதையே அறியாதவர்தான் அதைக் கொட்டிவிடுகிறார், பெரும்பாலும் மிக மரியாதையான ஒரு வாக்கியத்தில். எல்லைகளைக் காக்கவே இந்தப் பயிற்சி தேவை.

'உறவு அவ்வளவு முக்கியமா' என்று கேட்பவர்களுக்கு ஒரு எண். சிகிச்சையாளருக்கும் வருபவருக்கும் உள்ள கூட்டுறவைப் பற்றிய 295 ஆய்வுகளை, 30,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த கட்டுரை 2018-ல் வந்தது. கூட்டுறவுக்கும் பலனுக்கும் உள்ள கோரிலேஷன் ஏறக்குறைய 0.28. புள்ளியியல் படித்தவர்கள் உடனே வர்க்கப்படுத்தி, 'வெறும் 8 சதவீதம்தானே' என்பார்கள். சரிதான், மாயமந்திரம் இல்லை. கோரிலேஷன் இருப்பதாலேயே அதுதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் எந்த வகை சிகிச்சையாக இருந்தாலும் இந்தத் தொடர்பு திரும்பத் திரும்பத் தென்படுகிறது. இவ்வளவு நிலையாக நிற்கும் ஒன்றைப் பயிற்சியில் அதிர்ஷ்டத்திற்கு விட்டுவிடுவது நியாயமில்லை.

திரும்பவும் அந்த மாணவிக்கே வருவோம். "ஆமாம், படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. உங்களுக்கும் இது பயமாக இருக்கலாம், ஒரு மாணவியை நம்பி எல்லாவற்றையும் சொல்வது" என்று அவள் சொல்லியிருந்தால், அவர் அடுத்த வாரம் வந்திருப்பாரா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அப்படிச் சொல்லும் தைரியம் அவளுக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் வராது. அவள் தடுமாறியபோது யாராவது ஒருவர் அவளிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டும்.

பயிற்சி நிறுவனங்கள் பாடத்திட்டத்தில் இன்னொரு தாளைச் சேர்ப்பதற்கு முன் இதை யோசிக்கட்டும். கட்டணம் கட்ட முடியாத காரணத்தாலேயே ஒரு மாணவரின் எதிர் நாற்காலியில் வந்து உட்காருகிறவருக்கு, குறைந்தபட்சம் தன் தவறைச் சொல்லப் பயப்படாத ஒரு மாணவராவது கிடைக்க வேண்டும்.